மகளுக்குப் பாவித்த லப்டொப்: 95,000 ரூபாய் கொடுக்கலாமா?

உவர்மலையில் வசிக்கும் ஒரு தாய் எழுதியிருக்கிறார். மகளுக்குக் கிழக்குப் பல்கலைக்கழகத்தின் திருகோணமலை வளாகத்தில் கணினி விஞ்ஞானம் படிக்க இடம் கிடைத்திருக்கிறது. வளாகம் இருக்கும் கோணேசபுரியில் விரிவுரைகள் தொடங்க ஒரு மாதம்கூட இல்லை. கையில் இருப்பது சீட்டு எடுத்த காசு 110,000 ரூபாய். அதற்குள் மூன்று லப்டொப்களைப் பார்த்து வைத்திருக்கிறார்.

முதலாவது, நகரில் தம்பியின் பள்ளித் தோழர் நடத்தும் கடையில் இருக்கும் லெனோவோ திங்க்பேட் டி480. ஐ5-8250யு செயலி, 8 ஜிபி ரேம், 256 ஜிபி எஸ்எஸ்டி சேமிப்பு, விலை 95,000. இரண்டாவது, கொழும்பில் ஒருவர் இணையத்தில் விளம்பரம் போட்டிருக்கும் எச்பி எலைட்புக் 840 ஜி3. ஐ7-6600யு, 16 ஜிபி ரேம், 62,000 ரூபாய். 10,000 முற்பணம் போட்டால் கூரியரில் அனுப்புவாராம். மூன்றாவது, பெட்டி பிரிக்காத புதிய லப்டொப். செலரோன் என்4020, 4 ஜிபி ரேம், 64 ஜிபி சேமிப்பு, 104,000 ரூபாய், ஒரு வருட உத்தரவாதம்.

“ஐ7 என்றால் ஐ5ஐ விடப் பெரியதுதானே, அதுவும் விலை குறைவு. புதியதை எடுத்தால் பயமில்லை என்றும் ஒரு மனம் சொல்கிறது. தம்பியின் நண்பரிடம் போய் அதைத் திற, இதைக் காட்டு என்று கேட்கவும் வெட்கமாக இருக்கிறது. ‘ஏ கிரேட்’ பொருள், ஒரு மாத வொரன்டி என்கிறார். பில்லின் கீழே ‘விற்ற பொருள் திரும்பப் பெறப்படமாட்டாது’ என்று அச்சடித்திருக்கிறது. பிறகு பழுதானால் நாங்கள் எங்கே போவது?” என்று கேட்கிறார்.

அன்புள்ள சகோதரி,

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மூன்றில் டி480ஐத் தவிர மற்ற இரண்டையும் விட்டுவிடுங்கள். ஆனால் நீங்கள் எழுதியதை மட்டும் வைத்து அதற்கு 95,000 கொடுக்கச் சொல்ல மாட்டேன். பாவித்த லப்டொப் ஒன்று உங்களுக்கு என்ன விலையில் முடிகிறது என்பது, கடைக்காரர் சொல்லும் தொகையோடு முதல் ஆறு மாதத்தில் அதற்கு நீங்கள் கொட்டப்போகும் தொகையையும் கூட்டினால்தான் தெரியும். அந்த இரண்டாவது தொகையைக் காசு கைமாறும் முன்னரே பெரும்பாலும் கண்டுபிடித்துவிடலாம். ஒன்றரை மணி நேரம் போதும்.

ஐ7 பெரிதா, ஐ5 பெரிதா?

ஐ3, ஐ5, ஐ7 என்பவை ஒரே தலைமுறைச் செயலிகளுக்குள் இன்டெல் வைத்திருக்கும் படிநிலைகள். தலைமுறை மாறினால் அந்த ஒப்பீடு செல்லாது. தலைமுறையைச் சொல்வது பின்னால் வரும் எண்: 6600 என்றால் 6ஆம் தலைமுறை, 8250 என்றால் 8ஆம் தலைமுறை. 10ஆம் தலைமுறையில் இருந்து முதல் இரண்டு இலக்கங்களைப் பார்க்க வேண்டும். ஐ7-6600யு 2015இல் வந்தது, அதில் கோர்கள், அதாவது செயலிக்குள் கணக்கிடும் பகுதிகள், இரண்டுதான். ஐ5-8250யு 2017இல் வந்தது, நான்கு கோர்கள். மகள் நிரல் எழுதும்போது பின்னணியில் தரவுத்தளமும் பிரௌசரும் சேர்ந்து ஓடும். அந்த வேலையில் உங்கள் ‘பெரிய’ ஐ7 பின்தங்கிவிடும்.

அதைவிட முக்கியமான காரணம் விண்டோஸ். விண்டோஸ் 10க்கு மைக்ரோசொஃப்ட் கொடுத்துவந்த வழமையான ஆதரவு 2025 ஒக்டோபர் 14ஆம் திகதியோடு முடிந்தது. விண்டோஸ் 11க்கு இன்டெல் என்றால் 8ஆம் தலைமுறை அல்லது அதற்குப் பிந்தியது, ஏஎம்டி ரைசன் என்றால் மைக்ரோசொஃப்டின் பட்டியலில் உள்ள செயலி, அதோடு டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சில்லும் கேட்கிறார்கள். 6ஆம் தலைமுறை இயந்திரத்தில் விண்டோஸ் 11ஐக் குறுக்கு வழியில் ஏற்றித் தருவோம் என்பார்கள், ஏறும், ஓடும். ஆனால் மைக்ரோசொஃப்ட் ஆதரவு தராத நிலையில் அது நிற்கும், அடுத்த பெரிய மேம்படுத்தலுக்கு மறுபடியும் ஆள் தேட வேண்டும். நான்கு வருடம் படிக்கப்போகும் பிள்ளைக்கு அது வேண்டாம். முற்பணத்தையும் அனுப்பாதீர்கள். கண்ணால் பார்க்காத, கையால் தொடாத பாவித்த பொருளுக்கு முற்பணம் போடுவது அந்த 10,000ஐ விட்டுவிடத் தயார் என்பதற்குச் சமம்.

புதிய செலரோன் பற்றி. புதியது என்றால் பயமில்லை என்பது பழுதைப் பொறுத்தவரை சரி, ஆனால் வேலையைப் பொறுத்தவரை சரியில்லை. என்4020 இரண்டு கோர் கொண்ட மிக எளிய செயலி. இந்த விலையில் வரும் பல மாதிரிகளில் ரேமும் சேமிப்பும் தாய்ப்பலகையோடு ஒட்டியே வருவதால் பிறகு கூட்ட முடியாது. 64 ஜிபியில் விண்டோஸும் அதன் மேம்படுத்தல்களும் பெரும்பங்கைப் பிடித்துவிடும். அன்ட்ரொய்ட் ஸ்டூடியோ போன்ற ஒரு மென்பொருளுக்கே குறைந்தது 8 ஜிபி ரேம் வேண்டும். முதலாம் தவணை முடிவதற்குள் மகள் வேறு லப்டொப் கேட்பார். கடிதம் தட்டச்சு செய்யும் வீட்டுப் பாவனைக்கு என்றால் வேறு பதில் சொல்லியிருப்பேன்.

டி480இல் ரேமுக்கு இரண்டு துளைகள் உண்டு. இப்போது 8 ஜிபியோடு எடுத்து, அடுத்த வருடம் இன்னொரு 8 ஜிபி போடலாம். டி480எஸ் என்று தோற்றத்தில் ஒத்த இன்னொன்று இருக்கிறது. அதில் ஒரு பகுதி ரேம் பலகையோடு ஒட்டியது, துளை ஒன்றுதான். கடையில் எடுத்துத் தரும்போது திரையின் கீழ் விளிம்பில் எழுதியிருப்பதை மகள் வாசித்துப் பார்க்கட்டும்.

கேட்க வெட்கப்பட வேண்டாம்

தம்பியின் நண்பர் நல்லவராகவே இருக்கட்டும். இந்த இயந்திரங்கள் வெளிநாட்டு நிறுவனங்கள் பாவித்துக் கழித்தவை, மொத்தமாக வாங்கி வருகிறார்கள். உள்ளே என்ன இருக்கிறது என்று பல நேரம் விற்பவருக்கே முழுதாகத் தெரியாது. ‘ஏ கிரேட்’ என்பது பெரும்பாலும் வெளித்தோற்றத்துக்குக் கொடுக்கும் மதிப்பு: கீறல் இல்லை, மூலை உடையவில்லை, அவ்வளவுதான். பற்றரியைப் பற்றி அது எதுவும் சொல்லாது. நீங்கள் சோதிப்பது பொருளைத்தான், ஆளை அல்ல. “மகள் கணினிதான் படிக்கப்போகிறாள், அவளே பார்த்து எடுக்கட்டும் தம்பி” என்று சொன்னால் யாரும் முகம் சுளிக்கமாட்டார்கள். தரமான கடைக்காரர் மேசையும் மின்செருகியும் ஒதுக்கித் தருவார். “நம்பிக்கை இல்லையா அக்கா?” என்று மறித்தால், அங்கே காசு கொடுக்க வேண்டாம்.

மகளிடம் ஒரு பென் டிரைவ், ஒரு இயர்போன், தொலைபேசியில் டோர்ச்சும் டேட்டாவும் இருந்தால் போதும். பென் டிரைவில் கிறிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ, எச்டபிள்யூ இன்ஃபோ என்ற இரண்டு இலவச மென்பொருள்களையும் நிறுவத் தேவையில்லாத வடிவில் இறக்கி வைத்துக்கொள்ளட்டும்.

பூட்டுகளில் இருந்து தொடங்குங்கள், ஏனென்றால் இதில் தோற்றால் மற்றதைப் பார்க்கத் தேவையில்லை. லப்டொப்பை அணைத்து, மறுபடி போட்டு, லெனோவோ சின்னம் வரும்போது எஃப்1 விசையை அழுத்தினால் பயோஸ், அதாவது விண்டோஸுக்கு முன் வரும் அடிப்படை அமைப்புத் திரை, திறக்கும். கடவுச்சொல் கேட்டால் வாங்காதீர்கள். திங்க்பேட்டின் சூப்பர்வைசர் கடவுச்சொல் உள்ளே இருக்கும் சிறிய பற்றரியைக் கழற்றினாலும் போகாது. தாய்ப்பலகையை மாற்றுவதுதான் அதற்கு லெனோவோ சொல்லும் வழி. திறந்தால், செயலியின் எண்ணையும் தொடரிலக்கத்தையும் அங்கேயே பாருங்கள். மேலே ஒட்டியிருக்கும் ஸ்டிக்கர் சாட்சியாகாது, பயோஸ் சொல்வதுதான் கணக்கு. ஒரே மாதிரிப் பெயரில் 7ஆம் தலைமுறைச் செயலியோடு வந்தவையும் உண்டு என்பதால் இந்தப் பார்வை அவசியம். அடியில் ஒட்டியிருக்கும் தொடரிலக்கமும் பயோஸில் உள்ளதும் ஒன்றாக இருக்க வேண்டும். வேறாக இருந்தால் பலகையோ அடிமூடியோ மாற்றப்பட்டிருக்கிறது. பாதுகாப்புப் பகுதியில் அப்சலூட் அல்லது கொம்பியூட்ரேஸ் என்று ஒன்று இருக்கும். அது இயங்கு நிலையில் இருந்தால் பழைய உரிமையாளரின் கண்காணிப்பு இன்னும் எடுபடவில்லை என்று கொள்ளுங்கள்.

அடுத்த பூட்டு இன்னும் மறைவானது. விண்டோஸை ரீசெட் செய்து, முதல் அமைப்புத் திரையில் தொலைபேசி டேட்டாவை இணையுங்கள். ஏதோ ஒரு நிறுவனத்தின் பெயரைக் காட்டி அதன் மின்னஞ்சலைக் கேட்டால், அந்த இயந்திரம் இன்னும் அந்த நிறுவனத்தின் பதிவில் இருக்கிறது. இணையம் இல்லாமல் அமைத்தால் இது தெரியாது, மகள் ஒருநாள் ரீசெட் செய்யும்போதுதான் வெளியில் வரும். ரீசெட்டுக்கு நேரம் எடுக்கும் என்பதால் முதல் நாளே செய்து, அமைக்காமல் அப்படியே வைக்கச் சொல்லுங்கள். நிறுவனங்களுக்கு விண்டோஸோடு விற்கப்பட்ட திங்க்பேட்களில் அதன் உரிமம் பலகையிலேயே பதிந்திருக்கும், இணையம் கிடைத்ததும் தானாகச் செயற்படும். அப்படிச் செயற்படாமல், கடைக்காரர் ஏதோ ஒரு கோப்பை ஓடவிட்டு ‘அக்டிவேட்’ செய்து தந்தால், அது திருட்டு உரிமம்.

பற்றரிக்கு வருவோம். 100 வீதம் என்று காட்டுவது இப்போது எவ்வளவு நிரம்பியிருக்கிறது என்பதைத்தான். எவ்வளவு கொள்ளும் என்பதை அறிய, கமாண்ட் புரொம்ப்டைத் திறந்து ‘powercfg /batteryreport’ என்று ஆங்கிலத்தில் அடிக்கட்டும். ஓர் அறிக்கை உருவாகும். டி480இல் உள்ளே ஒன்று, பின்னால் கழற்றக்கூடியது ஒன்று என இரண்டு பற்றரிகள் இருப்பதால் இரண்டு வரிகள் காட்டும். உள் பற்றரியின் வடிவமைப்புக் கொள்ளளவு ஏறத்தாழ 24,000 மில்லிவாட் மணி. முழுச் சார்ஜ் கொள்ளளவு 19,000க்கு மேல் என்றால் நல்லது. 14,500க்குக் கீழே என்றால் மாற்றும் செலவை விலையில் கழிக்க வேண்டும். பின் பற்றரி 24, 48, 72 வாட் மணி என மூன்று அளவில் வந்தது, அதற்கும் இதே விகிதத்தில் பாருங்கள். மலிவு மாற்றுப் பற்றரிகள் அறிக்கையில் பொய் சொல்வதும் உண்டு. ஆகவே சார்ஜரைக் கழற்றி, நடுத்தர வெளிச்சத்தில் அரை மணி நேரம் ஒரு வீடியோவை ஓடவிடுங்கள். இரண்டு 24 வாட் மணிப் பற்றரிகள் நல்ல நிலையில் இருந்தால் ஏறத்தாழ 10 வீதம் இறங்கும். 25 வீதம் இறங்கினால் அறிக்கை என்ன சொன்னாலும் பற்றரி போய்விட்டது. தொடுபலகை மேலெழுந்தோ, மேசையில் வைத்தால் அடிப்பகுதி ஆடியோ இருந்தால் உள் பற்றரி வீங்கியிருக்கலாம், அதை வாங்கவே வேண்டாம்.

டி480இல் தெரிந்த ஒரு குறை இருக்கிறது. ஆரம்பகாலத் தண்டர்போல்ட் ஃபேர்ம்வெயர் என்ற, துளையை இயக்கும் உள் மென்பொருளின் கோளாறால் டைப்-சி துளை காலப்போக்கில் வேலை செய்யாமல் போகலாம். லெனோவோவே அதற்கு ஒரு முக்கிய மேம்படுத்தலை வெளியிட்டது. இடப்பக்கம் இரண்டு டைப்-சி துளைகள் இருக்கும். சார்ஜரை இரண்டிலும் தனித்தனியே செருகிப் பாருங்கள், இரண்டிலும் சார்ஜ் ஏற வேண்டும். ஒன்றில் மட்டும் ஏறினால் மீதி ஒன்றை நம்பி நான்கு வருடம் ஓட்ட முடியாது. இரண்டும் நன்றாக இருந்தால், வீட்டுக்கு வந்த முதல் நாளே அந்த மேம்படுத்தலைச் செய்துவிட வேண்டும்.

வீடியோ ஓடும் நேரத்திலேயே மற்றவற்றைப் பார்க்கலாம். கிறிஸ்டல் டிஸ்க் இன்ஃபோவில் எஸ்எஸ்டியின் நலன் வீதமும் இதுவரை எழுதிய மொத்த அளவும் தெரியும். 256 ஜிபி எஸ்எஸ்டிக்கு 20 டெராபைட் வரை எழுதியிருப்பது கவலைப்பட வேண்டியதல்ல. வீதம் 80க்குக் கீழே இருந்தாலோ, பெயரே இல்லாத தயாரிப்பாக இருந்தாலோ மாற்றித் தரச் சொல்லுங்கள். திரையின் தெளிவுத்திறனைப் பார்க்க மறவாதீர்கள். டி480இன் அடிப்படை மாதிரியில் 1366×768 திரைதான், பக்கவாட்டில் இருந்து பார்த்தால் நிறம் மங்கும். 1920×1080 திரை என்றால் நிரல் எழுதும் கண்ணுக்குப் பெரிய ஆறுதல், விலையிலும் அந்த வித்தியாசம் இருக்க வேண்டும். வெள்ளை, கறுப்பு, சிவப்பு, பச்சை, நீலப் படங்களை முழுத்திரையில் போட்டுப் புள்ளிகளைத் தேடுங்கள். ஒவ்வொரு விசையையும் நோட்பேடில் அடித்துப் பாருங்கள். ஜப்பானில் இருந்து வந்தவற்றில் இடைவெளி விசை குறுகியும் குறியீடுகள் இடம்மாறியும் இருக்கும், பழகாத கைக்குத் தொல்லை. யூஎஸ்பி, இயர்போன், கமரா, மைக், வைஃபை எல்லாம் ஐந்து நிமிட வேலை.

கடைசியாக வெப்பம். எச்டபிள்யூ இன்ஃபோவைத் திறந்து வைத்து, சார்ஜரில் பத்து நிமிடம் கனமான வேலை கொடுங்கள். சூடு 95 பாகைக்குப் பாய்ந்து வேகம் 1.6 கிகாஹேர்ட்ஸுக்குக் கீழே விழுந்தால் வெப்பப்பசை காய்ந்திருக்கிறது அல்லது விசிறியில் தூசி அடைத்திருக்கிறது. இது சிறிய செலவு, வாங்க முன் கடைக்காரரே செய்து தரலாம். விசிறி கரகரவென்று சத்தமிட்டால் விசிறியையே மாற்ற வேண்டும்.

உப்புக் காற்றும் வெள்ளமும்

நம் ஊரில் தனியாகப் பார்க்க வேண்டிய ஒன்று துரு. உப்பு காற்றின் ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும். விசிறி அந்தக் காற்றை உள்ளே இழுக்கும்போது செப்புத் தொடுமுனைகள் பச்சை பிடிக்கும். நிலாவெளி, உப்புவெளிக் கடற்கரையோரம் வருடக்கணக்கில் திறந்த வரவேற்பு மேசையில் இருந்த லப்டொப் வெளியே பளபளவென்று இருந்தாலும் உள்ளே அரித்திருக்கலாம். டோர்ச்சை அடித்து யூஎஸ்பி, எச்டிஎம்ஐ துளைகளுக்குள் வெள்ளையாகவோ பச்சையாகவோ படிவு தெரிகிறதா என்று பாருங்கள். அடித் திருகாணிகள் துருப்பிடித்திருந்தால் அடிமூடியைத் திறந்து காட்டச் சொல்லுங்கள்.

2025 நவம்பர் இறுதியில் வந்த டித்வா புயலின் வெள்ளத்துக்குப் பிறகு இன்னொரு கவனமும் வேண்டும். நீரில் நனைந்து காய்ந்த இயந்திரம் சில மாதம் ஓடி, பிறகு நிற்கும். காற்றுத் துளைகளின் மூலையில் மெல்லிய சேற்றுப் படிவு, விசைகளுக்கு அடியில் மண், ஸ்பீக்கரில் அமுங்கிய ஒலி, திறந்தால் பூஞ்சண வாசம், இவற்றில் இரண்டு சேர்ந்து தெரிந்தால் பாதி விலைக்குத் தந்தாலும் வேண்டாம்.

பில்லில் என்ன எழுத வேண்டும்?

பில்லின் கீழ் அச்சடித்த அந்த ஒரு வரி உங்கள் உரிமை எல்லாவற்றையும் அழித்துவிடாது. ஆனால் சட்டம் தானாக வந்து காப்பாற்றும் என்றும் நினைக்க வேண்டாம். 1896ஆம் ஆண்டின் பொருள் விற்பனைக் கட்டளைச் சட்டத்தின்படி, வாங்குபவர் பொருளைப் பரிசோதித்திருந்தால், அந்தப் பரிசோதனையில் கண்ணில் பட்டிருக்க வேண்டிய குறைக்காகப் பிறகு விற்றவரைப் பிடிப்பது கடினம். அதேசமயம், விவரித்து விற்ற பொருள் அந்த விவரிப்போடு ஒத்திருக்க வேண்டும் என்பதும் அதே சட்டம்தான். எனவே விவரிப்பை எழுத்தில் வாங்குங்கள். ‘லப்டொப் 1’ என்று எழுதிய பில் எதற்கும் உதவாது. மாதிரி, தொடரிலக்கம், செயலியின் முழு எண், ரேம், எஸ்எஸ்டி, திரையின் அளவு, பற்றரி கொள்ளளவு, உத்தரவாதக் காலம், அது எதையெல்லாம் அடக்கும் என்பது, திகதி, கடையின் முத்திரை. சில கடைகள் பற்றரியையும் திரையையும் உத்தரவாதத்தில் இருந்து விலக்குவார்கள், அதைக் கேட்டுத் தெளிந்துகொள்ளுங்கள். ஒரு மாதம் குறைவு. மூன்று மாதம் கேளுங்கள்.

வாய்ச்சொல் மாறினால், 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபையிடம் முறையிடலாம். கொடுத்த உத்தரவாதத்துக்கு ஒத்துவராத பொருள் அதற்குள் அடங்கும். முறைப்பாடு எழுத்தில், விற்பனை நடந்து மூன்று மாதத்துக்குள் போக வேண்டும். “இந்த வாரம் பார்க்கிறேன், அடுத்த வாரம் பார்க்கிறேன்” என்று கடைக்காரர் இழுக்கும்போது பலர் தவறவிடுவது இந்தக் காலக்கெடுவைத்தான். 1977 என்ற இலக்கத்துக்கு அழைத்தும் வழி கேட்கலாம். இது வியாபாரிகளுக்கு எதிரான வழி. வீட்டில் இருந்து தன் சொந்த லப்டொப்பை விற்கும் தனியாளிடம் வாங்கினால் இந்தக் கதவு திறக்காது, மத்தியஸ்த சபையைத்தான் நாட வேண்டியிருக்கும். தனியாளிடம் வாங்குவதாக இருந்தால் அடையாள அட்டைப் பிரதியும், தொடரிலக்கத்தோடு கையொப்பமிட்ட ஒரு கடிதமும் வாங்காமல் எடுக்காதீர்கள். திருட்டுப் பொருளாக இருந்தால் பொலிஸ் எடுத்துச் செல்லும், காசும் போகும். கொழும்புக் கடையின் உத்தரவாதத்துக்கும் இங்கே பாதி மதிப்புத்தான், 250 கிலோமீற்றருக்கு மேல் அனுப்பி எடுக்கும் செலவு உங்கள் தலையில் விழும்.

விலைக்கு வருகிறேன். கடைக்குப் போக முன் ஊரில் வேறொரு திருத்தும் கடையில் நான்கு விலைகளைக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்: டி480 உள் பற்றரி, பின் பற்றரி, 8 ஜிபி டிடிஆர்4 ரேம், 256 ஜிபி எஸ்எஸ்டி. சோதனையில் மாற்ற வேண்டும் என்று வந்தவற்றின் விலையை 95,000இல் கழித்துவிட்டுப் பேசுங்கள், அல்லது அவரையே மாற்றித் தரச் சொல்லுங்கள். பூட்டு இல்லை, இரண்டு டைப்-சி துளைகளும் வேலை செய்கின்றன, திரை 1920×1080, பற்றரிகள் 80 வீதத்துக்கு மேல், உள்ளே துரு இல்லை என்றால் கேட்ட விலையைக் கொடுத்து எடுக்கலாம். மீதி 15,000ஐ ரேமுக்கும் ஒரு நல்ல பைக்கும் வைத்துக்கொள்ளுங்கள். திரை 1366×768 என்று வந்தால், மற்றதெல்லாம் நன்றாக இருந்தாலும் 95,000க்கு நான் சம்மதிக்கமாட்டேன்.

இது சரிவராவிட்டால் அதே தொகைக்குள் டெல் லட்டிடியூட் 5490, 7490, எச்பி எலைட்புக் 840 ஜி5 ஆகியவற்றைத் தேடுங்கள். மூன்றிலும் ரேமுக்கு இரண்டு துளைகள் உண்டு, செயலி எண் 8இல் தொடங்குகிறதா என்று மட்டும் பார்க்க வேண்டும். விரிவுரை தொடங்கும் திகதிக்காக அவசரப்பட வேண்டாம். முதல் இரண்டு, மூன்று வாரங்களுக்கு மகள் வளாகத்தின் கணினி ஆய்வுகூடத்தைப் பாவிக்கலாம். அங்கே என்ன மென்பொருள்கள் தேவை என்று மூத்த மாணவர்களிடம் கேட்டு வந்தால், 8 ஜிபி போதுமா, இப்போதே 16 ஜிபி வேண்டுமா என்பதும் தெளிவாகிவிடும்.